இடங்கொடாமை

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அறக்கட்டளையை நிறுவியவர் இந்தக் கல்லூரியில் நெடுங்காலம் இயற்பியல் நடத்தியவர். எனக்கும் அவர்தான் ஆசிரியர். ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்தில் ஒரு பகுதியை வங்கியில் போட்டு, அதன் வட்டியில் ஆண்டுக்கு ஒரு நாள் யாராவது இங்கே வந்து பேச வேண்டும், பேச்சு தமிழில் இருக்க வேண்டும் என்று எழுதி வைத்தார். தலைப்பைப் பேசுகிறவர் விருப்பத்துக்கு விட்டுவிட்டார். நான் திண்மையை எடுத்துக்கொண்டதற்கு அவருடைய வகுப்பும் காரணம், என் அப்பாவின் விரல் கணுவும் காரணம்.

என் அப்பா கொத்தனார். எந்தச் சுவரைக் கண்டாலும் தட்டிப் பார்ப்பார். கலியாண வீட்டுக்குப் போனால் பந்தியில் உட்காருமுன் சுவருக்கு ஒரு தட்டு. நடுவிரலை மடக்கி, கணுவால் இரண்டு முறை தட்டி, காதைக் கொஞ்சம் சாய்ப்பார். பூச்சு செங்கல்லோடு பிடித்திருந்தால் ஓசை சிறியதாக, இறுக்கமாக இருக்கும். பூச்சு விட்டிருந்தால் பொதபொதவென்று பெரிய ஓசை. "பெரிசாச் சத்தம் வந்தா உள்ளே காத்து நிக்குதுன்னு அர்த்தம்" என்பார். பானைக்கு இது நேர்மாறு. நல்ல பானை கணீரென்று பேசும். விரிசல் கண்டது மந்தமாக முனகும். எதற்கு எந்த ஓசை என்று தெரிந்திருக்க வேண்டும். சிற்பிகள் சிலைக்குக் கல் எடுக்கும்போதும் தட்டிக் கேட்டுத்தான் எடுக்கிறார்கள்.

'திண்மை' இப்போது பேச்சில் புழங்குவதில்லை. பாடநூலில் 'திண்மம்' இருக்கிறது; நான் படித்த காலத்தில் 'திடப்பொருள்'. வீட்டில் நாம் சொல்வது 'கெட்டி'. கெட்டித் தயிர், கெட்டிச் சட்னி, கெட்டி வளையல். அதே வாயால் 'ஆள் கெட்டி' என்கிறோம், 'வாக்கில் கெட்டி' என்கிறோம், படிக்கிற பெண்ணைக் கெட்டிக்காரி என்கிறோம். தாலி ஏறும் நேரத்தில் கெட்டிமேளம் கொட்டச் சொல்கிறோம். தயிருக்கும் மனிதருக்கும் ஒரே சொல் போதும் என்று நம் மொழி எப்போதோ தீர்மானித்துவிட்டது.

வள்ளுவரும் அப்படித்தான். 'அரண்' அதிகாரத்தில் மதிலுக்கு வேண்டிய குணங்கள் நான்கு என்று எண்ணுகிறார்: உயரம், அகலம், திண்மை, பகைவர் நெருங்க முடியாமை. அங்கே திண்மை கல்லையும் செங்கல்லையும் சேர்ந்தது. 'சான்றாண்மை'க்கு வந்தால் மறுபடி அதே சொல். சால்பு என்னும் திண்மை வாய்த்துவிட்டால் வறுமை ஒருவருக்கு இழிவாகாது என்கிறார். கற்பைப் பேசும்போது மூன்றாவது முறை. மதிலின் திண்மைக்குக் குத்தித் துளைக்க முடியாமை என்றும், கற்பின் திண்மைக்குக் கலங்காத நிலை என்றும் பரிமேலழகர் பொருள் கொள்கிறார். இரண்டு உரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்த அன்று, இதை உவமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. மதில் செய்கிற ஏதோ ஒரு காரியத்தை மனமும் செய்கிறது. அது என்ன காரியம்? அதைத்தான் இன்று உங்கள்முன் வைத்துப் பார்க்கப்போகிறேன்.

ஸ்காட்லாந்தில் ஆடம் கிஃபர்ட் என்ற நீதிபதி, தம் சொத்தில் ஒரு பகுதியை நான்கு பல்கலைக்கழகங்களுக்குச் சொற்பொழிவு நடத்த எழுதி வைத்துவிட்டு 1887இல் காலமானார். நம் ஆசிரியர் செய்த அதே காரியம். அந்த வரிசையில் 1927இல் எடின்பரோவில் பேசியவர் வானியலாளர் ஆர்தர் எடிங்டன். மறு ஆண்டு அந்தப் பேச்சு நூலானது. தாம் எழுத உட்கார்ந்த இடத்தில் இரண்டு மேசைகள் இருப்பதாக அதில் அவர் சொன்னார். ஒன்று நாம் பழகிய மேசை. அகலம் நீளம் உண்டு, நிறம் உண்டு, கெட்டியானது. இன்னொன்று அறிவியல் காட்டும் மேசை. அநேகமாக முழுக்க வெற்றிடம், அதில் நுண்ணிய மின்துகள்கள் அங்கங்கே பாய்ந்துகொண்டிருக்கின்றன. மெய்யாக இருப்பது இரண்டாவதுதான் என்று அவர் தீர்த்துவிட்டார். தரைப்பலகையில் கால் வைப்பது ஈக்கூட்டத்தின்மேல் கால் வைப்பது போல என்றும் சொன்னார்.

அவர் கையில் இருந்த செய்தி பொய்யில்லை. 1909இல் மான்செஸ்டரில் கைகரும் மார்ஸ்டனும் மெல்லிய தங்கத் தகட்டின்மேல் ஆல்ஃபா துகள்களைச் செலுத்திப் பார்த்தார்கள். மிகப் பெரும்பாலானவை அங்கே தகடே இல்லாததுபோல ஊடுருவிப் போயின. சில ஆயிரத்தில் ஒன்று மட்டும் மோதித் திரும்பியது. அதிலிருந்து 1911இல் ரூதர்ஃபோர்டு அணுக்கருவைக் கண்டு சொன்னார். ஹைட்ரஜன் அணுவின் கருவைக் கடுகளவாக வைத்தால், அணுவின் விளிம்பு சுமார் 100 மீட்டர் குறுக்களவுக்குப் போய்விடும். நடுவில் ஒரு கடுகு, மற்றபடி வெறும் வெளி. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப் பார்க்கிறவர் அதை மலை போன்ற ஒரே கல்கூட்டமாக நினைப்பார். கருவறைக்கு மேலே அது உள்ளே கூடு. 1010ஆம் ஆண்டிலிருந்து ஆயிரம் ஆண்டுக்கு மேல் நிற்கிறது.

எடிங்டனுக்குத் தக்க பதில் கொடுத்தவர் சூசன் ஸ்டெபிங். 1933இல் இலண்டனில் தத்துவப் பேராசிரியரானவர். பிரிட்டனில் அந்தத் துறையில் பேராசிரியரான முதல் பெண். 1937இல் அவர் எழுதிய நூல் எடிங்டன் போன்ற இயற்பியலாளர்களின் தத்துவத்தை வரிவரியாகச் சோதிக்கிறது. திண்மை பற்றி அவர் கேட்டதை என் சொற்களில் சொல்கிறேன். பலகை கெட்டி இல்லை என்கிறீர்களே, 'கெட்டி' என்ற சொல்லை எங்கே கற்றுக்கொண்டீர்கள்? பலகையில், கல்லில், சுவரில்தானே? புகைக்கும் பலகைக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லப் பிறந்த சொல் அது. உள்ளே பார்த்தால் வெற்றிடம் என்று நீங்கள் கண்டது, கெட்டிப்பொருள் எப்படி அமைந்திருக்கிறது என்பதைப் பற்றிய புதுச் செய்தி. பலகை இன்னும் கெட்டிதான்.

என் ஆசிரியர் இந்த இடத்தில் வகுப்பை நிறுத்தி, மேசையை உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுவார். "வெற்றிடம்னு சொன்னேன். கை ஏன்டா உள்ளே போகலை?" என்று கேட்பார். ஓராண்டு முழுக்க எங்களுக்கு விடை தெரியவில்லை.

விடை 1925இல் வந்திருந்தது. ஒரே நிலையில் இரண்டு எலக்ட்ரான்கள் இருக்க முடியாது என்று வொல்ஃப்காங் பவுலி சொன்ன விதி. என் கையை மேசையில் அழுத்துகிறேன். கையின் எலக்ட்ரான்களும் மேசையின் எலக்ட்ரான்களும் ஒரே இடத்துக்கு வந்து சேரப் பார்க்கின்றன. கீழே உள்ள நிலைகள் எல்லாம் ஏற்கெனவே நிறைந்துவிட்டன. புதிதாக வருவது மேல்நிலைக்கு ஏற வேண்டும். அதற்கு ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றலை என் கை தர வேண்டும். அந்தச் செலவைத்தான் கை 'கெட்டி' என்று உணர்கிறது. 1931இல் பவுலிக்கு லோரன்ட்ஸ் பதக்கம் வழங்கியபோது பால் எரன்ஃபெஸ்ட் இதையே சொன்னார்: ஒரு கல் இவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்வதற்குக் காரணம் உங்கள் விதி என்று. மின்விலக்கம் மட்டும் இருந்தால் போதாதா என்று பலரும் கேட்டார்கள். போதாது, பவுலி விதி இல்லாவிட்டால் பொருள் தனக்குள்ளேயே சுருங்கி இடிந்துவிடும் என்று 1967இல் ஃப்ரீமன் டைசனும் ஆண்ட்ரூ லெனார்டும் கணிதத்தால் நிறுவினார்கள்.

இதை முதலில் புரிந்துகொண்ட இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. கல்லுக்குள் கல்லைவிடக் கெட்டியான ஏதோ ஒரு சின்னஞ்சிறு குண்டு இருக்கும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அப்படி எதுவும் இல்லை. இருப்பது ஒரு விதி. நம் வழக்கில் இதற்கு அழகான சொல் இருக்கிறது: இடம் கொடாமை. சந்தேகத்துக்கு இடம் கொடுக்காதே, பிள்ளைக்கு ரொம்ப இடம் கொடுக்காதே என்று சொல்கிறோமே, அது. எலக்ட்ரான் எதற்கும் இடம் கொடாத முரட்டுப் பொருள் என்று எண்ணிவிட வேண்டாம். உலோகத்துக்குள் அது ஊர் சுற்றுகிறது, பக்கத்து அணுவோடு உறவு வைத்துக்கொள்கிறது, வெப்பத்துக்கு அசைகிறது. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அதனிடம் பேரம் நடக்காது. விறைப்புக்கும் திண்மைக்கும் உள்ள வேறுபாடு இங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இந்த இடங்கொடாமைக்கு எல்லை உண்டா என்று கேட்டவர் நம் சென்னை மாநிலக் கல்லூரி மாணவர். சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930 ஜூலை 31 அன்று பம்பாயில் கப்பலேறியபோது அவருக்கு வயது 19. எரிபொருள் தீர்ந்த விண்மீன் தன் எடையாலேயே சுருங்குகிறது. ஒரு கட்டத்தில் எலக்ட்ரான்கள் இடம் கொடுக்க மறுப்பதால் சுருக்கம் நிற்கிறது. அதுதான் வெண்குறுமீன். சிரியஸ் மீனின் துணை அத்தகையது. சூரியன் அளவு நிறை, பூமி அளவு உருவம், ஒரு தேக்கரண்டிப் பொருள் பல டன் எடை. இப்படி எவ்வளவு எடையையும் தாங்கிவிடும் என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். கப்பலில் கணக்குப் போட்ட இளைஞருக்கு வேறு விடை வந்தது. நிறை ஒரு வரம்பைத் தாண்டினால் எலக்ட்ரான்களின் மறுப்பும் போதாது. இன்று நாம் சொல்லும் கணக்கில் அந்த வரம்பு சூரியனைப் போல சுமார் 1.4 மடங்கு.

1935 ஜனவரி 11 அன்று இலண்டனில் ராயல் வானியல் கழகத்தில் அவர் இதை விளக்கினார். அடுத்துப் பேச எழுந்தவர் எடிங்டன். அதற்கு முந்தைய மாதங்களில் கேம்பிரிட்ஜில் சந்திரசேகரின் அறைக்கு வந்து வந்து, கணக்கு எதுவரை வந்தது என்று அன்போடு விசாரித்துக்கொண்டிருந்த அதே எடிங்டன். விண்மீன் இப்படி அபத்தமாக நடந்துகொள்ளாமல் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருக்கத்தான் வேண்டும் என்று பேசி, அவையைச் சிரிக்க வைத்தார். சந்திரசேகருக்கு அப்போது 24 வயது. பவுலி உள்ளிட்ட பெரிய இயற்பியலாளர்கள் தனிப்பட்ட முறையில் சந்திரசேகர் பக்கம்தான் நியாயம் என்றார்கள். பொதுவில் எழுந்து சொல்லவில்லை.

சந்திரசேகர் பின்வாங்கவில்லை. முழுக் கணக்கையும் 1939இல் வெளிவந்த தம் நூலில் எழுதி வைத்துவிட்டு வேறு ஆய்வுக்குப் போனார். எடிங்டனோடு கடிதத் தொடர்பையும் விடவில்லை. எடிங்டன் 1944இல் இறந்தார். அவர் பிறந்து நூறாண்டு நிறைந்த 1982இல் கேம்பிரிட்ஜுக்கு வந்து அவரைப் பற்றிச் சொற்பொழிவாற்றியவர் சந்திரசேகர். அவர் காலத்தின் தலைசிறந்த விண்மீன் இயற்பியலாளர் என்று போற்றினார். 1935இல் நடந்ததையும் மறைக்கவில்லை. நோபல் பரிசு அதற்கு அடுத்த ஆண்டுதான் வந்தது.

எடிங்டனைப் பற்றி இன்னொரு செய்தி உண்டு, சந்திரசேகரே எழுதியிருக்கிறார். எடிங்டன் குவேக்கர் சமயத்தவர், போரில் கொல்வது பாவம் என்று நம்பியவர். முதல் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில் அவருக்கும் அழைப்பு வரும் நிலை. கேம்பிரிட்ஜ் பெரியவர்கள் அரசாங்கத்தில் பேசி, அறிவியலுக்கு வேண்டியவர் என்ற காரணத்தில் விலக்கு வாங்க ஏற்பாடு செய்தார்கள். கடிதம் வந்தது, கையெழுத்துப் போட்டால் போதும். எடிங்டன் கையெழுத்திட்டு, கீழே பின்குறிப்பு ஒன்று எழுதினார்: இந்தக் காரணத்துக்காக விலக்குத் தராவிட்டாலும் மனச்சான்றின் பேரால் விலக்குக் கேட்பேன் என்று. அப்படிக் கேட்டவர்களை முகாமுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம். அவருடைய குவேக்கர் நண்பர்கள் அங்கே உருளைக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தார்கள். தாமும் போய் உரிப்பதில் அவருக்கு வருத்தம் இல்லை. உதவ வந்தவர்களுக்குக் கடும் கோபம். கடைசியில் அரச வானியலாளர் தலையிட்டார். 1919 சூரிய கிரகணத்தை ஆராயும் பயணத்துக்கு எடிங்டன் வேண்டும் என்று வாதாடி விலக்கு வாங்கினார்.

அந்தப் பின்குறிப்பை எழுதிய கைதான் 1935இல் ஓர் இளைஞரின் உழைப்பை ஏளனமாக ஒதுக்கியது. இப்போது நான் என்ன சொல்ல? எடிங்டன் திண்ணியரா, வெத்தா?

நம் ஊரில் இதற்கு உடனே ஒரு விடை தயாராக இருக்கும். "கிட்டப் போய்ப் பாருங்க சார், எல்லாரும் ஒண்ணுதான்." தியாகி என்றால் புகழாசை, கொடையாளி என்றால் வரிக்கணக்கு, நேர்மையான அதிகாரி என்றால் வாய்ப்புக் கிடைக்காதவர். இந்தப் பேச்சு எனக்குப் பெரிய வருத்தம் தருகிறது. இளைஞர்கள் இதை அறிவு முதிர்ச்சி என்று எண்ணிப் பேசும்போது இன்னும் அதிகமாக. மேசையைக் குடைந்து பார்த்து வெற்றிடம் கண்டவர், மேசை கெட்டியில்லை என்று சொன்ன அதே பிழை இது. மனிதரைக் குடைந்து பார்த்தால் பயம் இருக்கும், ஆசை இருக்கும், பொறாமை இருக்கும், பாதி இடம் வெறும் வெளியாக இருக்கும். வேறு என்ன இருக்கும் என்று எதிர்பார்த்தோம்? தைரியத்தால் ஆன ஒரு குண்டு உள்ளே கிடக்கும் என்றா? கல்லுக்குள்ளேயே அப்படி ஒரு குண்டு இல்லையே. எடை வரும்போது எந்த இடத்தில் இடம் கொடுக்கவில்லை என்பதை வைத்துத்தான் திண்மையைச் சொல்ல முடியும். 1918இல் எடிங்டன் கொடுக்கவில்லை. 1935இல் வேறு எடை வந்தது, தாம் நம்பிய விண்மீன் இயல் உடைவதைப் பார்க்கும் எடை. அதற்குக் கொடுத்துவிட்டார். வரம்பு யாருக்கும் உண்டு. வரம்பு இருப்பதாலேயே அதற்கு உட்பட்ட திண்மை பொய்யாகிவிடாது.

படித்து முடித்தபின் பல ஆண்டு நான் கட்டுமானப் பொருள்களைச் சோதிக்கும் கூடத்தில் வேலை பார்த்தேன். கான்கிரீட் கட்டிகளை நசுக்குவது என் பிழைப்பு. நீளம், அகலம், உயரம் எல்லாம் 150 மில்லிமீட்டர். எம்20 என்று சொல்லும் சாதாரணக் கலவையே 28ஆம் நாள் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்க வேண்டும். கட்டி முழுவதற்கும் கணக்குப் போட்டால் 45 டன். ஒருவர் மடியில் வைத்துத் தூக்கிப்போகும் கட்டி அது. இயந்திரத்தில் வைத்து எண்ணெயழுத்தம் ஏற்றினால் முள் ஏறிக்கொண்டே போகும். கட்டி சும்மா இருக்கும். பிறகு பக்கங்களிலிருந்து செதில் செதிலாக உதிரும், நடு ஒடுங்கி உடுக்கை வடிவில் ஒரு துண்டு மிஞ்சும். ஏறும்வரை வெளியே எதுவும் தெரியாது. எந்தக் கட்டி நல்லது என்று நிறத்தை வைத்து நான் ஒருநாளும் சொன்னதில்லை. இன்னொன்று: கான்கிரீட் காய்ந்து கெட்டிப்படுகிறது என்று பலரும் நினைக்கிறோம். சிமெண்ட் தண்ணீரோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது. நாள்தோறும் தண்ணீர் விட்டு ஈரம் காத்தால்தான் பலம் ஏறும். வெயிலில் விட்டுவிட்டால் மேலே இறுகினதுபோல் தெரிந்து உள்ளே சோடையாகிவிடும்.

அப்பாவிடம் வருகிறேன்.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். எங்கள் ஊர்ப் பள்ளிக்குப் புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. தூண்களை வேறு ஆட்கள் போட்டார்கள். பூச்சு வேலைதான் அப்பாவுக்கு. பள்ளிக்கூடம் விட்டு நான் சாப்பாட்டுத் தூக்கை வாங்கப் போயிருந்தேன். அன்று காலைதான் ஒரு தூணில் சென்ட்ரிங் பலகையைப் பிரித்திருந்தார்கள். முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவில் ஜல்லி ஜல்லியாக, தேனடை போல. கலவைப் பால் இறங்கவே இல்லை. அப்பா விரலை விட்டார். இரண்டு கணு உள்ளே போயிற்று. கம்பி தட்டுப்பட்டது.

ஒப்பந்தக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். "கலவையை வச்சு அடைச்சு மேலே பூசிடுங்க மேஸ்திரி. நாளைக்கு ஆபீசர் பார்க்க வர்றார்."

"அந்த இடத்தைத் தட்டி எடுத்துட்டு மறுபடி போடச் சொல்லுங்கய்யா. போட்டதும் கூப்பிடுங்க, வந்து பூசுறேன்."

"அதெல்லாம் நேரமில்லை. நீங்க இல்லாட்டி வேற ஆள் பூசுவான்."

"பூசட்டுங்கய்யா."

அப்பா கரண்டியைத் தொட்டித் தண்ணீரில் கழுவினார். மட்டப்பலகையையும் கழுவினார். தூக்குக் குண்டின் நூலைச் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தார். பூசி மெழுகுவது என்று நாம் சொல்கிற சொல்லுக்கு நேரான பொருளை அன்று நான் கண்ணால் பார்த்தேன்.

அப்பா வளைந்து கொடுக்காத மனிதர் இல்லை. கூலியைப் பேரம் பேசினால் இறங்கி வருவார், பாக்கி வைத்தால் பொறுத்துப்போவார், சித்தாள் தாமதமாக வந்தால் ஒன்றும் சொல்லமாட்டார். அன்று இரவு அவருக்குக் கை நடுங்கியது. பீடியைப் பற்றவைக்க மூன்று குச்சி ஆயிற்று. அம்மா, "என்னங்க, பயமா இருக்கா?" என்று கேட்டார். "பயமாத்தான் இருக்கு" என்றார் அப்பா. ஒரு மாதத்துக்கு மேல் வேலை இல்லை. அம்மாவின் கெட்டி வளையல் இரண்டும் அடகுக்குப் போயின. ஒன்றுதான் திரும்பி வந்தது.

அந்தக் கட்டடம் இடியவில்லை. இதை நான் சொல்லியாக வேண்டும். வேறு ஆள் பூசினார், அதிகாரி வந்து பார்த்துவிட்டுப் போனார், சுண்ணாம்பு அடித்துத் திறந்தார்கள். பக்கத்துத் தூண்கள் சுமையைப் பங்கிட்டுக்கொண்டிருக்கும்; கட்டடக் கணக்கில் பாதுகாப்புக்கென்று கூடுதல் பலம் வைப்பதும் வழக்கம். நான் பின்னால் படித்த படிப்பு அந்தக் காரணங்களை எனக்குச் சொல்லித் தந்தது. அப்பா சொன்னது சரி என்று ஊருக்குக் காட்ட எதுவும் நடக்கவில்லை. ஒப்பந்தக்காரருக்கு அடுத்த வேலையும் கிடைத்தது.

ஒன்பதாம் வகுப்பை நான் அந்தக் கட்டடத்தில்தான் படித்தேன். முதல் நாள் கிளம்பும்போது அப்பா, "வாசலுக்கு வலது பக்கத் தூண்கிட்ட உக்காராதே" என்று மட்டும் சொன்னார். ஒரு சாயங்காலம் எல்லாரும் போனபின் நான் அந்த வராந்தாவில் தனியாக நின்றேன். வெள்ளையடித்த தூண்கள் வரிசையாக நின்றன. பார்த்தால் எல்லாம் ஒன்றுதான். நடுவிரலை மடக்கிக்கொண்டு முதல் தூணிலிருந்து ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தேன். ஓசை சிறியதாக, இறுக்கமாக வந்துகொண்டிருந்தது. வாசலுக்கு வலது பக்கத் தூணில், முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவில், சத்தம் பெரிதாக வந்தது.